பொட்டு வைத்த முட்டைகள்

ஜூன் 9, திங்கள்

காலை எண்பத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட்.

இதை மட்டும் எழுதினால் போதும் என்றுதான் தவமலர் சொன்னாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, முட்டை இருக்கிற இடத்துச் சூடு. என் வீட்டுக்காரர் வாங்கி வைத்துவிட்டு ஒரு வரிகூட எழுதாத டயரி ஒன்று அலமாரியில் கிடந்தது. அச்சடித்த தேதியை அடித்துவிட்டு எழுதுகிறேன். பக்கம் நிறைய இடம் மிஞ்சுகிறது. வெறும் எண்பத்திரண்டு என்று எழுதி மூடி வைக்க என் கை கேட்கவில்லை.

நேற்று சாயங்காலம் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விடப் போனேன். பாத்தி ஓரத்தில் சீமாட்டி பின்னங்காலால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தாள். செடியை நாசம் பண்ணுகிறாளே என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் சட்டை செய்யவில்லை. குனிந்து பார்த்தால் குழிக்குள் வெள்ளையாக ஒன்று விழுகிறது. அப்புறம் இன்னொன்று. மொத்தம் நாலு.

சீமாட்டி ஒரு பெட்டி ஆமை. தலையையும் காலையும் உள்ளே இழுத்து அடி ஓட்டைக் கதவு மாதிரி சாத்திக்கொள்ளும் ஜாதி. இந்த மிசௌரிப் பக்கம் மழை பெய்தால் ரோட்டுக்கு வந்து நிற்கும். இவர் ஒரு ஜோடி வளர்த்தார், சின்னத்துரை, சீமாட்டி. என்னைக் கேட்டா வளர்த்தார்? நாயாக இருந்தால் வாலையாவது ஆட்டும் என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். சின்னத்துரை இரண்டு வருஷத்துக்கு முன்னால் குளிர்காலத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. அதே வருஷம் நவம்பரில் இவரும் போய்விட்டார். மிச்சம் நானும் இவளும்.

ஆணில்லாமல் முட்டை எப்படி என்று தவமலரைக் கூப்பிட்டுக் கேட்டேன். தவமலர் யாழ்ப்பாணத்துக்காரி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு, முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. மிச்ச நேரமெல்லாம் காரில் அடிபட்ட ஆமைகளைப் பொறுக்கி வந்து வைத்தியம் பார்ப்பாள். இவருக்கு ஆமைச் சிநேகிதி. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் என்னைக் கட்டிப் பிடித்து அழுதார்கள். அவள் மட்டும் பின்பக்கம் போய் ஆமைக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு வந்தாள்.

"அதுக்கென்ன அக்கா," என்றாள். "பெண் ஆமை ஆணின்ரை விந்தணுவை உள்ளுக்கை சேமிச்சு வைச்சிருக்கும். ஆண் செத்து ரெண்டு மூண்டு வருசத்துக்குப் பிறகும் நல்ல முட்டை இடும்."

ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் தக்காளிப் பாத்தியைப் பார்த்தேன். "லைன்லை நிக்கிறியளோ அக்கா?" என்றாள். நிற்கிறேன் என்றேன்.

முட்டையை எடுத்து இன்குபேட்டரில் வைக்கச் சொன்னாள். வெளியே விட்டால் ரக்கூன் தோண்டித் தின்றுவிடுமாம். இன்குபேட்டர் எதற்கு? இந்த ஊர்க் குளிரில் இட்லி மாவு பொங்காது. ஓவனைப் போடாமல் உள்ளே விளக்கை மட்டும் எரியவிட்டு மாவுப் பாத்திரத்தை வைப்போம், விடிந்தால் பொங்கி வழியும். இங்கிருக்கிற நம் பொம்பளைகள் எல்லாரும் செய்கிற வேலைதான். ஐஸ்கிரீம் டப்பாவில், தொட்டிச் செடிக்குப் போடுகிற வெர்மிகுலைட் தூளை ஈரமாக்கிப் பரப்பி முட்டையைப் பாதி புதைத்து ஓவனுக்குள் வைத்தேன். சூடு கூடிப்போகிறது என்று கதவிடுக்கில் தோசைக் கரண்டியைச் செருகினேன். எண்பத்திரண்டில் நின்றது. எங்கே, இதை அவள் இன்குபேட்டர் செய்யுமா?

ஜூன் 10, செவ்வாய்

காலை எண்பத்திரண்டு. மாலை எண்பத்து மூன்று.

கோழி முட்டை மாதிரி இதைப் பிரட்டக் கூடாதாம். எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கம் கடைசிவரை மேலேயே இருக்க வேண்டுமாம், பிரண்டால் உள்ளே குஞ்சு செத்துவிடும். "பென்சிலாலை மேலை ஒரு அடையாளம் போட்டு விடுங்கோ" என்றிருந்தாள். வீட்டில் பென்சில் இல்லை. குளியலறை இழுப்பறையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை கிடந்தது. மெரூன் கலரில் மிளகைவிடச் சின்ன பொட்டு. போன தடவை கோவில்பட்டி போனபோது கட்டாக வாங்கி வந்தது. வீணாகத்தானே கிடக்கிறது. முட்டைக்கு ஒன்றாக ஒட்டிவிட்டேன்.

ஃபோட்டோ அனுப்பினேன். தவமலர் விழுந்து விழுந்து சிரித்தாள். "நாலும் பொம்பிளைப் பிள்ளையள் எண்டு முடிவு கட்டிட்டியளோ?" என்றாள். சின்னதுதானே, முட்டை மூச்சு விடுவதற்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னாள்.

ஜூன் 12, வியாழன்

எண்பத்திரண்டு. எண்பத்திரண்டு.

'ஓவனைத் தொடாதே' என்று ஒரு சீட்டு எழுதினேன். ஒட்டுவதற்கு டேப் தேடிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் தொடுவதற்கு? சீட்டைக் கசக்கிக் குப்பையில் போட்டேன். எனக்கே சிரிப்பு வந்தது.

ஜூன் 15, ஞாயிறு

எண்பத்திரண்டு.

மதிவாணன் வீடியோவில் கூப்பிட்டான். என் ஒரே பிள்ளை. டாலஸில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி என்றால் பதினோரு மணிதான், ஆபீஸ் மீட்டிங் மாதிரி. இன்று அப்பாக்கள் தினமாம், கடையில் பலகை வைத்திருந்தார்கள். மதி அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

வீட்டை விற்கிற பேச்சை எடுத்தான். டாலஸில் அவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே வயதானவர்களுக்கான குடியிருப்பு ஒன்று பார்த்து வைத்திருக்கிறான். நல்ல பிள்ளைதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் அம்மா என்பவள் அவனுக்கு ஒரு வேலை. முடித்து டிக் அடித்தால்தான் தூக்கம் வரும்.

"எத்தனை நாள்மா இப்படியே? தனியா இருக்க. ஏதாவது ஒண்ணுன்னா?"

"எனக்கென்னய்யா, சனிக்கிழமை ஆச்சுன்னா சங்கத்துப் பொம்பளைங்க வந்துருதாங்க. நேத்துகூட அவியல் வச்சேன், எல்லாரும் பாத்திரத்தை வழிச்சுட்டுத்தான் போனாங்க."

"அப்போ எப்பத்தான் முடிவு சொல்லுவ?"

முட்டை விஷயத்தைச் சொன்னேன். எங்கே வைத்திருக்கிறேன் என்று சொல்லவில்லை, ஓவன் என்றால் அதற்கு வேறு ஒரு பாட்டம் திட்டுவான். என் வாய் சும்மா இருக்குமா? ஒரு குஞ்சாவது பொரிந்தால் நான் இங்கேதான், ஒன்றும் பொரியாவிட்டால் நீ காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"ஆமை முட்டையை வச்சாம்மா வீட்டை முடிவு பண்ணுவாங்க?"

"நான் பண்ணுவேன்."

சரி என்றான். முட்டை பொரியாது என்று நினைக்கிறான்போல. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். இந்த வீட்டை விட்டால் எனக்கு எதுவும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

எண்பத்தொன்று. எண்பத்து மூன்று.

பார்சல் கொண்டு வருகிறவர் வந்தார். சீமாட்டியைக் காட்டினேன். முட்டை இட்ட கதையையும் சொன்னேன். நல்ல மனுஷர், கேட்டுக்கொண்டே வண்டிப் பக்கம் பின்னோக்கி நடந்து போனார். நாளைக்கும் பார்சல் வரும். வெர்மிகுலைட் இன்னும் ஒரு பை சொல்லியிருக்கிறேன். அவசரமில்லைதான், இருந்தாலும் கையிருப்பு வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

எண்பத்திரண்டு.

ஒரு முட்டை மஞ்சளித்து அமுங்கிப்போயிற்று. எடுத்துப் புதைத்துவிட்டேன். மற்ற மூன்றையும், அசைக்காமல், பக்கவாட்டில் ஃபோன் விளக்கை வைத்துப் பார்த்தேன். உள்ளே செம்பருத்தி இதழில் ஓடுகிற மாதிரி சிவப்பு நரம்பு! மூன்றிலும்! ஹா என்று சத்தமாகவே கத்திவிட்டேன். வீட்டில் யாராவது இருந்திருந்தால் என்னமோ ஏதோ என்று ஓடி வந்திருப்பார்கள்.

மதியிடம் காட்ட வைத்திருந்தேன். அவனுக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது.

ஜூன் 27, வெள்ளி

எண்பத்திரண்டு. எண்பத்திரண்டு.

பொட்டு வைத்த முட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒன்று ஞாபகம் வந்தது. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். யார் படிக்கப் போகிறார்கள்.

நான் கண்ணாடி பார்த்துப் பொட்டு வைக்கிறவள் இல்லை. அடுப்படிக்கு நடந்துகொண்டே ஒட்டிக்கொள்வேன். தினமும் கோணல். இவர் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கோணலா இருக்கு பாரு" என்று கட்டை விரலால் நகர்த்தி விடுவார். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஆமை நகம் பார்க்கிற மனுஷர், என் முகத்தில் வேறெதையும் கவனித்ததாக எனக்குத் தெரியாது. பொட்டு மட்டும் தப்பாது.

பொட்டு வைக்காதே என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. இந்தக் காலத்தில், இந்த ஊரில் யார் சொல்வார்கள்? நானேதான் விட்டுவிட்டேன். ஒட்டினால் கோணலா நேரா என்று தெரியாமல் நாள் முழுக்கச் சுமந்துகொண்டு திரிய வேண்டும். ஒட்டாமல் இருந்து இருபது மாதம் ஆகப்போகிறது. யாரும் கேட்கவில்லை. எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

ஜூலை 1, செவ்வாய்

எண்பத்து மூன்று.

மதி வெள்ளிக்கிழமை வருகிறான், நாலாம் தேதி சுதந்திர தின லீவுக்கு. வியாழக்கிழமை இந்தியக் கடைக்குப் போக வேண்டும். முருங்கைக்காய், சின்ன வெங்காயம், அவனுக்குப் பிடித்த சேனை. அவன் அறைக்குப் புது விரிப்பு போட வேண்டும். சோபாவிலிருந்து என் போர்வையை எடுத்து வைக்க வேண்டும், மறக்கக் கூடாது.

ஜூலை 3, வியாழன்

காலை எண்பத்திரண்டு.

மாலை, தெரியாது.

கடையிலிருந்து வந்தால் வாசலில் ஒரு வாடகைக் கார். கதவைத் திறந்ததும் பிளாஸ்டிக் பொசுங்குகிற நாற்றம். மதி சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "சர்ப்ரைஸ்மா! ஒரு நாள் முன்னாடியே கிளம்பிட்டேன்" என்று சிரித்தான். அவனுக்குப் பின்னால் ஓவன் சூடேறுகிறது என்று சிவப்பு எழுத்து எரிகிறது.

"ஏலே, ஓவனை எதுக்குலே போட்ட?"

"பசிச்சுதும்மா. வர்ற வழியில பிட்சா வாங்கினேன், இப்பத்தான் ஆன் பண்ணேன். என்னாச்சு?"

பையை அப்படியே போட்டுவிட்டு ஓடிக் கதவைத் திறந்தேன். வெறுங்கையால் டப்பாவை இழுத்தேன். ஒரு பக்கம் களிமாதிரி இளகி உள்ளே சரிந்திருந்தது. கை பொத்துப்போய் விட்டுவிட்டேன். தரையெல்லாம் வெர்மிகுலைட். மூன்று முட்டையும் மூன்று திசையில் உருண்டன. ஒன்று ஃபிரிட்ஜுக்கு அடியில் போய் முட்டி நின்றது.

மதி மண்டிபோட்டுவிட்டான். "ஐயோ, இதுவாம்மா அந்த முட்டை? எந்தப் பக்கம் மேல?"

"பொட்டு. பொட்டு மேல இருக்கணும். பிரட்டிராத."

ஒரு கிண்ணத்தில் கைக்கெட்டிய வெர்மிகுலைட்டை அள்ளிப் போட்டான். இரண்டு விரலால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பொட்டு மேலே வருகிற மாதிரி வைத்தான். மூன்றாவதை வைக்கும்போது, "இது உன் பொட்டுதானே?" என்றான். கேட்டுவிட்டு என் நெற்றியைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

என் கையைப் பிடித்துக் குழாய்த் தண்ணீரில் காட்டினான். நான் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"வேணும்னுதான செஞ்ச?"

"என்னது?"

"முட்டை பொரியலைன்னா நான் கையெழுத்துப் போடணும்லா. அதுக்குத்தான சொல்லாம கொள்ளாம ஒரு நாள் முன்னாடி வந்த?"

அவன் முகம் செத்துப்போயிற்று. சின்ன வயதில் அடி வாங்கினால் இப்படித்தான் உதட்டை மடித்துக்கொள்வான். தலைமுடி நரைக்க ஆரம்பித்திருக்கிறது, உதடு மட்டும் அப்படியே இருக்கிறது.

"ஓவன்ல முட்டை இருக்குன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? கதவுல ஒரு கரண்டி மாட்டியிருந்துச்சு. அதை எடுத்துக் கழுவிகூட வச்சேன்." பிறகு குரல் உயர்ந்தது. "ஃபிரிட்ஜைத் திறந்தேன். ஆமைக்கு ஸ்ட்ராபெரி, ஆமைக்குக் காளான், ஆமைக்குப் புழு. உனக்கு? அரை டப்பா தயிர். அதுவும் புளிச்சுப்போனது. என்னம்மா சாப்பிடுற நீ? அவியல் வச்சேன்னு சொன்னியே, எந்தச் சட்டியில வச்ச? அடுப்பு மேல தூசி இருக்கும்மா."

கடைக்குப் போய் வருவதற்கு முன்னால் ஃபிரிட்ஜ் காலியாகத்தான் இருக்கும். யார் வீட்டிலும் அப்படித்தான். அவன் எல்லாவற்றையும் பெரிதுபடுத்துவான்.

சோபாவில் என் போர்வை அப்படியே கிடந்தது. அதையும் பார்த்தான்.

ஜூலை 4, வெள்ளி

காலையில் விமானத்தை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். சேனை வறுக்கவே இல்லை. வாசலில் நின்று, "வரேம்மா" என்றான். நான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தவமலர் லீவு போட்டுவிட்டுத் தெர்மோகோல் பெட்டியும் கதகதப்பு விரிப்பும் கொண்டு வந்தாள். முட்டைகளை மாற்றி வைத்தாள். உள்ளே என்ன ஆயிற்று என்று இப்போது சொல்ல முடியாதாம்.

"மகன் எங்கை அக்கா?"

"போயிட்டான்."

"நீங்கள் ஏதும் கதைச்சியளோ?"

கையை மட்டும் நீட்டினேன். அவள் என் விரலில் மருந்து போட்டாள். பிறகு சேனையை எடுத்து வறுத்து, என்னையும் உட்காரவைத்துச் சாப்பிட வைத்தாள். சாயங்காலம் ஊரெல்லாம் பட்டாசு. சீமாட்டி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 6, ஞாயிறு

எண்பத்திரண்டு.

பதினோரு மணிக்கு ஃபோன் பக்கத்தில்தான் இருந்தேன். சார்ஜ் இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

எண்பத்திரண்டு.

கூப்பிடவில்லை.

ஜூலை 16, புதன்

ஒரு முட்டை நாற ஆரம்பித்துவிட்டது. ஓவனின் உள்பக்கத்தில் இருந்தது அதுதானோ என்னவோ. வெளியே கொண்டுபோய்ப் பாத்தியோரம் புதைத்தேன். பொட்டை எடுக்க மனம் வரவில்லை, அப்படியே புதைத்தேன்.

"பொரியாட்டில் போவியளோ டாலஸுக்கு?" என்றாள் தவமலர் ஃபோனில். சொன்ன சொல் சொன்ன சொல்தான் என்றேன். "எனக்கும் இஞ்சை வேறை ஆர் இருக்கினம்" என்றாள். அப்புறம் ஆமைக்குக் கால்சியம் தூள் வாங்குவது பற்றிப் பேசினாள்.

ஜூலை 20, ஞாயிறு

கூப்பிடவில்லை. நானே கூப்பிடலாம். எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு என்ன சொல்வது என்று யோசித்தேன். வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். அந்த வார்த்தை வாயைவிட்டு வெளியே வரும்போதே தெரியும். தெரிந்துதான் சொன்னேன். இதை எப்படி ஃபோனில் சொல்வது?

ஜூலை 29, செவ்வாய்

எண்பத்திரண்டு. எண்பத்திரண்டு.

இன்று சாம்பார் வைத்தேன். பாதி மிஞ்சிவிட்டது. ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். யார் வந்து திறந்து பார்த்தாலும் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்னொரு முட்டையும் போயிற்று. மேலே பூஞ்சை கட்டி, தொட்டால் அமுங்கியது. மிச்சம் ஒன்று. அதுவும் ஃபிரிட்ஜுக்கு அடியில் போய் முட்டியது. மதி தரையோடு தரையாகப் படுத்துக் கையை நீட்டி எடுத்தது.

விளக்கு வைத்துப் பார்த்தால் முழுக்கக் கறுப்பாக இருக்கிறது. குஞ்சு வளர்ந்து நிறைந்திருந்தாலும் கறுப்பாகத்தான் தெரியுமாம். செத்துப்போயிருந்தாலும் கறுப்பாகத்தான் தெரியுமாம். நல்ல பதில்.

இன்று அழுதேன். முட்டைக்காக இல்லை. எதற்கென்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ரொம்ப நேரம் அழுதேன். வீடு அப்படியே கேட்டுக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

எண்பத்திரண்டு.

பத்து மணிக்கே தலைவாரிக்கொண்டு ஃபோன் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். எனக்கே அசிங்கமாக இருந்தது.

ஆகஸ்ட் 21, வியாழன்

காலையில் பெட்டி மூடியைத் திறந்தேன். முட்டையில் பொட்டுக்குக் கொஞ்சம் கீழே ஒரு கீறல். அதில் குண்டூசித் தலை மாதிரி ஒரு மூக்கு.

தவமலரைக் கூப்பிட்டேன். மூக்கு தெரிகிறது என்றேன். "கை வைக்காதேங்கோ அக்கா!" என்று கத்தினாள். "தானா வரட்டும். ரெண்டு நாள்கூட எடுக்கும். ஓட்டை உடைச்சுப்போட்டு உதவி செய்யிறன் எண்டு வெளிக்கிட்டியளோ, பிறகு என்னோடை கதைக்கக் கூடாது!"

கை வைக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு என்ன தெரியும். நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஒரு கை வெளியே வந்திருக்கிறது. தூங்குகிறதாம். உள்ளே இருந்துகொண்டே ஓய்வெடுக்குமாம். எடுக்கட்டும், எனக்கென்ன அவசரம். வா ராசாத்தி, மெதுவா வா.

ஆகஸ்ட் 23, சனி

வந்துவிட்டது.

ஒரு வால்நட் கொட்டை அளவு. வெர்மிகுலைட்டுக்குள்ளிருந்து என்னை முறைத்துப் பார்த்தது, எங்கள் வீட்டு முறைப்பு அப்படியே. முதுகுக் கட்டங்களில் ஒன்று மட்டும் ஒழுங்கில்லாமல் சாய்ந்திருக்கிறது. தவமலர் வந்து கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சூடு பட்டதாலை வந்தது. அது ஒண்டும் செய்யாது. நல்ல சுகமா இருக்கு அக்கா, நூறு வயசுக்கு இருக்கும்" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து தோசை சாப்பிட்டோம். மாவு நான் அரைத்தது. அவள் ஐந்து தோசை சாப்பிட்டாள்.

ஆமாம், நான் ஜெயித்துவிட்டேன். வீடு எனக்குத்தான். பின்பக்கப் படியில் உட்கார்ந்து அந்தச் சந்தோஷம் வரட்டும் என்று பார்த்தேன். யாரிடம் ஜெயித்தேன்? அவனிடம். இந்தச் சங்கதியைச் சொல்ல ஆசைப்படுவதும் அவனிடம்தான்.

உடைந்த ஓட்டில் பொட்டு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பதினோரு மணிவரை காத்திருக்கவில்லை. பத்தரைக்கே நானே வீடியோவில் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். தாடி வளர்ந்திருந்தது.

"ஏய்யா, சாப்பிட்டியா?"

"ம். சாப்பிட்டேன்." பிறகு, "கை எப்படிம்மா இருக்கு?"

"கை ஆறிட்டு. இந்தா பாரு." உள்ளங்கையில் குஞ்சை வைத்துக் காட்டினேன்.

அவன் திரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டான். மூக்கும் கண்ணும்தான் தெரிந்தது. "பொரிஞ்சிருச்சா? நிஜமாவா? எதும்மா இது, நடுவில இருந்ததா?"

"நீ ஃபிரிட்ஜுக்கு அடியில இருந்து எடுத்தேல்லா, அது."

மூக்கை உறிஞ்சினான். "முதுகுல அது என்னம்மா, சாஞ்சிருக்கு? என்னாலயா?"

"சேச்சே. சிலதுக்குப் பொறவியிலேயே அப்படி இருக்குமாம். தவமலர் சொன்னா." இவ்வளவு நாள் அவனிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில் எனக்கு வருத்தமே இல்லை.

"அன்னைக்கு நான் சொன்னது தப்புய்யா," என்றேன். "நீ அப்படிச் செய்யற பிள்ளை இல்ல. அப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

"விடும்மா. நான்தான் கூப்பிட்டிருக்கணும். முட்டை என்னாச்சோன்னு கேக்கப் பயமா இருந்துச்சு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஃபோனை எடுத்து எடுத்து வச்சேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "சரி, நீ ஜெயிச்சுட்ட. வீட்டைப் பத்தி இனிமே பேச மாட்டேன்."

"பேசுனா பேசு. நான் இங்கனதான் இருப்பேன். ஆனா நீ வா. சொல்லாம வந்தாலும் வா. ஓவன் காலியாத்தான் கிடக்கு. ஃபிரிட்ஜுல நேத்து வச்ச சாம்பார் இருக்கு."

"எந்தச் சட்டியில வச்ச?"

"வந்து பாரு, தூசி இருக்கான்னு."

சிரித்தான். குஞ்சை எங்கே வைப்பாய், என்ன தின்னும் என்றெல்லாம் கேட்டான். அக்டோபரில் வருகிறேன் என்றான். ஃபோனை வைக்கப் போகிற நேரத்தில் விரலைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டு வந்து நிறுத்தினான்.

"அம்மா, ஒரு நிமிஷம். பொட்டு கோணலா இருக்கு."

"அப்படியா? எந்தப் பக்கம்?"

"உன் இடது பக்கமா இழுத்துட்டுப் போகுது. கொஞ்சம் வலது பக்கம் நகத்து. இல்ல, இன்னும் கொஞ்சம். ஆங், அங்கதான். இப்ப சரியா இருக்கு."

ஃபோனை வைத்த பிறகு குஞ்சைப் பெட்டியில் விட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். சூடு பார்க்க மறந்துவிட்டேன்.

காலையில் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று அட்டையிலிருந்து ஒன்றை எடுத்தேன். கை நடுங்கவில்லை, கண்ணும் நன்றாகத்தான் தெரிந்தது. நேராக வைக்கத் தெரியாமல் இல்லை. வேண்டுமென்றேதான் இடது பக்கம் தள்ளி ஒட்டினேன்.

பார்த்துவிட்டான்.